எல்ம்: சிலேட்டுக்காகக் குடைந்த மலை

சுவிட்சர்லாந்து என்றால் நம்மவர்களுக்கு இன்டர்லாக்கன், டிட்லிஸ், யுங்ஃப்ராவ். பனியில் நின்று ஒரு படம், திரும்பும் வழியில் ஒரு சாக்லேட் கடை, அதோடு நாட்டையே பார்த்தாயிற்று. கூட்டமில்லாத மலை ஊர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் எல்ம். கிளாருஸ் மாநிலத்தில், செர்ன்ஃப் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கின் கடைசி ஊர். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் அங்கே வந்து திரும்பிவிடும். அதற்கு அப்பால் எந்தப் பக்கம் போவதென்றாலும் கணவாய் ஏறித்தான் போக வேண்டும்.

சூரிக்கிலிருந்து ரயிலில் ஷ்வாண்டன் வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போலப் பயணம். 1905 முதல் 1969 வரை இந்தப் பள்ளத்தாக்குக்கு என்றே ஒரு குட்டி மின்ரயில் ஓடியது. இப்போது அது இல்லை. என்னோடு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, கிளாருஸ் பக்கம் ஒரு உணவகச் சமையலறையில் வேலை பார்த்து, அந்த வட்டாரத்து ஜெர்மனை அந்த வட்டாரத்துக்காரர்களைப் போலவே பேசுகிறவர். நான் அவரை அண்ணா என்பேன்.

ஷ்வாண்டனில் பஸ்ஸுக்காக நிற்கும்போது ஊருக்கு மேலே இருந்த சரிவைக் காட்டினார். 2023 ஆகஸ்ட் கடைசியில் மண் சரிந்து வந்து வீடுகளை அடித்துப்போன இடம். நூறு பேரளவுக்கு வெளியேற்ற வேண்டியிருந்தது. "இவங்கள் மலையை நம்பி வீடு கட்டுறேல்லை தம்பி. மலையைப் பாத்துப் பாத்துத்தான் கட்டுறாங்கள். அப்பிடியிருந்தும் பாருங்கோ" என்றார்.

எல்முக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் பள்ளத்தாக்கு அகன்று ஒரு புல்வெளி வருகிறது. மாடுகள் மேய்கின்றன. தரை மட்டும் ஒரு சீராக இல்லை, அங்கங்கே மேடு தட்டியிருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் கண்ணில் அதுவும் படாது, ஏனென்றால் எல்லார் பார்வையும் எதிரே நிற்கும் சிங்கல்ஹோர்ன் சிகரங்கள் மேல் இருக்கும். அந்தப் புல்லுக்குக் கீழே உன்டர்டால் என்ற குடியிருப்பு புதைந்து கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்களோ அதிலிருந்தே தொடங்கலாம்.

அது மலையில் இருக்கும் ஒரு ஓட்டை. சிகர வரிசைக்குக் கீழே பாறையை ஊடுருவி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்க வானம் தெரிகிறது. மார்ட்டின் துளை என்று பெயர். கீழேயிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் இருபது மீட்டருக்கு மேல், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் 12, 13 வாக்கிலும், செப்டம்பர் 30, அக்டோபர் 1 வாக்கிலும், காலை வெயில் இந்தத் துளை வழியாக நேரே ஊர்த் தேவாலயத்தின் மேல் விழும். சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருக்கும், ஊர் முழுக்க நிழல், தேவாலயத்தின் மேல் மட்டும் சில நிமிடம் வெளிச்சம். கோயில் கருவறைக்குள் குறிப்பிட்ட நாளில் வெயில் விழும்படி கட்டினார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, இங்கே அந்த வேலையை மலை தானாகச் செய்கிறது. புனித மார்ட்டின் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ராட்சதன் ஆடு திருட வந்தானாம். இவர் இரும்புப் பூண் போட்ட தன் தடியை வீச, அது அவனைத் தாண்டிப் பாறையைத் துளைத்துக்கொண்டு போயிற்றாம். குழந்தைகளுக்குப் போதுமான கதை.

எனக்கென்னவோ துளையைவிட அதற்கு மேலே ஓடும் கோடுதான் பெரிதாகப் பட்டது. சிகரங்களின் குறுக்கே, அளவுகோல் வைத்து இழுத்தாற்போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடு. கோட்டுக்கு மேலே கறுத்த கரடுமுரடான பாறை, வயது 25 கோடி முதல் 30 கோடி ஆண்டு. கீழே இருப்பது மூன்றரை முதல் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. ஆக, தாத்தா பேரன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு வடக்கே நெருக்கித் தள்ளியபோது, பழைய பாறை அப்படியே பெயர்ந்து பல பத்துக் கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு வந்து இளைய பாறையின் மேல் ஏறிவிட்டது. 2008இல் இந்த வட்டாரம் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தக் கோடுதான் காரணம்.

இதை ஒப்புக்கொள்ள நிலவியல்காரர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. சூரிக் பேராசிரியர் ஆல்பர்ட் ஹைம் இந்த மலைகளை அடி அடியாக நடந்து வரைந்தவர். தன் ஆசான் அர்னோல்ட் எஷர் சொன்னபடி, பாறை இரண்டு பக்கமிருந்தும் மடிந்து வந்ததால் இப்படித் தெரிகிறது என்று பல ஆண்டுகள் வாதிட்டார். 1884இல் மார்செல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர், கிளாருஸ் பக்கம் கால் வைக்காமலே, ஹைம் வரைந்து வைத்தவற்றைப் பார்த்து, மடிப்பு எல்லாம் இல்லை, ஒரே திசையிலிருந்து வந்த ஒரே தள்ளல்தான் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஹைமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டார். தலைக்கு மேலே இருந்த கோட்டை அவர் தவறாகப் படித்திருக்கலாம். ஆனால் காலடியில் கிடந்த இடிபாட்டை அவரைப் போலப் படித்தவர் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

அந்த இடிபாட்டுக்கு வருவதற்கு முன் சிலேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் ஒரு பழைய சிலேட்டுத் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்த முதியவர் ஒருவர், கறுப்புக் கல் பாளம் ஒன்றை விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, தட்டையான உளியை வைத்து மெல்லத் தட்டிக் காட்டினார். இரண்டு மூன்று தட்டுதான். பாளம் ஏடு பிரிவதுபோல இரண்டாகப் பிரிந்தது. உள்பக்கம் ஈரமாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் பளபளப்பு. பிரித்த ஏட்டைச் சுரண்டி, தேய்த்து, அளவுக்கு வெட்டி, எழுத்துப் பழகக் கோடு கீறி, மரச்சட்டம் கோத்தால் சிலேட்டு. நான் பலப்பம் பிடித்தவன், பலப்பத்தைத் தின்றவனும்கூட. கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்திருக்கிறேன். நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது ஆந்திரத்து மார்க்காபூர்க் கல்லாகத்தான் இருக்கும். ஐரோப்பியப் பிள்ளைகள் கையில் இருந்த சிலேட்டுகளில் ஏராளமானவை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போனவை. அண்ணா ஒன்றைக் கையில் வாங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் 'அ' எழுதிவிட்டு, உள்ளங்கையால் அழித்தார்.

பள்ளத்தாக்கின் கீழே எங்கி என்ற ஊரில் பல நூற்றாண்டாகவே சிலேட்டு வெட்டினார்கள். அந்தக் கல்லில் மீன் புதைபடிவங்கள் கிடைப்பது அருங்காட்சியக உலகத்தில் பெயர்போன விஷயம். எல்ம் இதில் இறங்கியது 1860களில்தான். மேய்ச்சலையும் பாலையும் நம்பியிருந்த ஏழை ஊர் அது. பள்ளிக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். 1874 அரசியலமைப்பு சுவிட்சர்லாந்து முழுக்கத் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கி, கட்டணமில்லாததாகவும் ஆக்கியது. பிள்ளை ஒன்றுக்குச் சிலேட்டு ஒன்று. ஊருக்கு மேலே பிளாட்டன்பெர்க் சரிவில் நல்ல சிலேட்டு அடுக்கு இருந்தது. முதலில் தனியார் வெட்டினார்கள், பிறகு ஊராரே எடுத்து நடத்தினார்கள். சுரங்க வேலை தெரிந்தவர் என்று அங்கே யாரும் இல்லை. மாடு மேய்த்த கைகள்தான் உளி பிடித்தன. சிலேட்டு அடுக்கு மலைக்குள்ளே சாய்ந்து போனது, இவர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். மேலே இருக்கும் மலையைத் தாங்கப் போதிய தூண் விடவில்லை. 1881இல் குடைவின் அகலம் 180 மீட்டர், உள்ளே போன ஆழம் 60 மீட்டருக்கு மேல்.

மலை சொல்லாமல் ஒன்றும் செய்யவில்லை. மேலே காட்டில் பிளவு விழுந்து அகன்றுகொண்டே வந்தது. அந்த ஆண்டு கோடைக் கடைசியில் மழை அதிகம், ஓடைத் தண்ணீர் பிளவுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. செப்டம்பர் இரண்டாம் வாரம் கற்கள் உருண்டு வர ஆரம்பித்தன, வேலை நின்றது. சனிக்கிழமை 10ஆம் தேதி அதிகாரிகளும் வன அலுவலரும் ஏறிப் பார்த்தார்கள். குவாரியை மூடி வையுங்கள், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் ஞாயிறு. மாலை ஐந்து மணிக்கு மேல் முதல் சரிவு. குவாரியின் ஒரு பக்கத்து மேடு சரிந்து விழுந்தது, கீழே இருந்தவர்களுக்கு நகர நேரம் இருந்தது. சிலர் சாமான் எடுக்கப் போனார்கள், சிலர் உதவிக்கு ஓடினார்கள், சிலர் வேடிக்கை பார்த்தார்கள். பதினேழு நிமிடம் கழித்து மறுபக்கத்து மேடு. இது வீடுகளையும் ஒரு விடுதியையும் ஆட்களோடு எடுத்துக்கொண்டது. இப்போது எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். பெரும்பாலோர் ஓடியது எதிர்ப்பக்கத்து தூனிபெர்க் மேட்டுக்கு. மலை சரிந்தால் பள்ளத்தில்தானே விழும், மேட்டில் ஏறிவிட்டால் தப்பலாம். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அங்கேதான் ஓடியிருப்பேன். நான்கு நிமிடம் கழித்து, இரண்டு பக்கத் தாங்கலும் போய்விட்ட நடுமலை வந்தது. ஒரு கோடிக் கனமீட்டர் பாறை. பாதி வழியில் குவாரித் தளத்தில் மோதி, காற்றில் எழும்பி, பள்ளத்தாக்கைக் கடந்து தூனிபெர்க் சரிவின் மேலேயே ஏறியது. ஓடி ஏறியவர்களையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து திரும்பி, கிட்டத்தட்டத் தட்டையான பள்ளத்தாக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் பாய்ந்து நின்றது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள், எண்பதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. தேவாலயமும் அதைச் சுற்றியிருந்த ஊரும் தப்பின.

இத்தனை துல்லியமாக நமக்குத் தெரியக் காரணம் ஹைம். உடனே வந்து, உயிர் தப்பியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். சரிவுகளுக்கு இடையே எத்தனை நிமிடம் என்பது, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலில் நின்ற ஒரு பள்ளி ஆசிரியர் சொன்னது. அத்தனை பேர் பேச்சையும் சேர்த்துப் பார்த்த ஹைமுக்கு ஒன்று விளங்கியது. பாறைக் குவியல் அங்கே உருண்டு வரவில்லை, தண்ணீர்போல ஓடியிருக்கிறது. ஓடியதன் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல. நாலடி இந்தப் பக்கம் நின்றவர் பிழைத்தார், அந்தப் பக்கம் நின்றவர் இல்லை. உலர்ந்த பாறை எப்படி ஓடும் என்ற கேள்வியை நிலச்சரிவு ஆய்வாளர்கள் இன்றும் எல்மிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தூனிபெர்க் பக்கம் நடந்தோம். எதிரே, காடு மூடிய சரிவில், வெட்டுக்காயம் இன்னும் தெரிகிறது. எனக்கு அந்த அதிகாரிகள் மேல்கூடக் கோபம் வரவில்லை. பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாத கதை இது. ஏழை ஊருக்குக் கூலி கிடைத்தது, எங்கோ இருந்த பிள்ளைகள் எழுதப் பழகினார்கள். பிளவு விழுந்ததை ஊரே பார்த்தது. பார்த்ததை வைத்து என்ன முடிவு செய்வது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரியுமா என்றால், கொஞ்சம் தெரியும். 2025 மே மாதம் வாலே மாநிலத்தில் பிளாட்டன் என்ற மலை ஊருக்கு மேலே பாறை நகர்வதைக் கருவிகள் காட்டின. சுமார் முந்நூறு பேரையும் 19ஆம் தேதி வெளியேற்றிவிட்டார்கள். மாடுகளையும் இறக்கினார்கள். 28ஆம் தேதி பனியாறும் பாறையுமாக இறங்கி ஊரை மூடிவிட்டது. இறந்தது ஒருவர். ஊர் போயிற்று, ஊரார் இருக்கிறார்கள். எல்முக்கும் பிளாட்டனுக்கும் நடுவே 144 ஆண்டு இடைவெளி.

எல்ம் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது. வெயிலில் கறுத்த மர வீடுகள், வரிசையாகச் சின்னச் சின்ன சன்னல்கள், அதில் சிவப்பு ஜெரேனியம். நிலச்சரிவு நடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1981இல், ஊரின் பழைய தோற்றத்தைக் கெடுக்காமல் காத்ததற்காக நாட்டின் வக்கர் பரிசு எல்முக்குக் கிடைத்தது. 2011இல் எல்ம் தனி ஊராட்சி என்ற நிலையை இழந்து கிளாருஸ் தெற்கு என்ற பெரிய ஊராட்சியில் சேர்ந்துவிட்டது. அதை முடிவு செய்ததும் வாக்குப்பெட்டி இல்லை. கிளாருஸில் ஆண்டுக்கு ஒருமுறை மே மாத ஞாயிறன்று மக்கள் திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி வாக்களிக்கும் சபை. இருபத்தைந்து ஊராட்சிகளை மூன்றாக்கு என்று 2006இல் அது கைதூக்கியது. பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கமும் 55 உலகக்கோப்பை வெற்றியும் எடுத்த விரெனி ஷ்னைடர் இந்த ஊர்ப் பெண். நாடு முழுக்கக் குடிக்கும் எல்மர் சிட்ரோ என்ற எலுமிச்சை சோடாவும் இந்த ஊர் ஊற்றுத் தண்ணீர்தான்.

பெரிய பழைய வீடு ஒன்றைச் சுவோரவ் வீடு என்கிறார்கள். 1799 அக்டோபர் 5 இரவு ரஷ்யத் தளபதி சுவோரவ் இதில் தங்கினார். இத்தாலியிலிருந்து சுமார் 21,000 பேரோடு கோட்ஹார்ட் கணவாய் ஏறி, சூரிக்கில் இருந்த இன்னொரு ரஷ்யப் படையோடு சேரக் கிளம்பியவர். இவர் வந்து சேர்வதற்குள் அந்தப் படையை பிரெஞ்சுக்காரர்கள் முறியடித்துவிட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் வழி அடைப்பு. கணவாய் மேல் கணவாயாக ஏறி இறங்கி, எழுபதைத் தொட்ட வயதில் எல்முக்கு வந்தார். மறுநாள் புதுப்பனியில் 2,407 மீட்டர் பானிக்ஸர் கணவாய். செருப்பு பிய்ந்த படை, பீரங்கிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு ஏறியது, வழியில் நூற்றுக்கணக்கானோர் விறைத்தும் விழுந்தும் செத்தார்கள். ரஷ்யர்களுக்கு இது வீரக்கதை. ஊரிலிருந்த அத்தனை மாட்டையும் தானியத்தையும் பட்டாளம் தின்றுவிட்டுப் போக, எதிரே குளிர்காலம் நின்ற எல்ம்காரர்கள் அதை எப்படிச் சொல்லியிருப்பார்களோ. அந்தக் கணவாய்க்கு ஏறும் பாதையின் தொடக்கத்தில், விக்லன் என்ற இடத்தில், இன்று சுவிஸ் ராணுவத்தின் சுடுதளம் இருக்கிறது. பாதை எந்த நாளில் திறப்பு என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மலைக்கு அமைதி தேடிப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

நாங்கள் ஏறியது சிங்கலன் மேய்ச்சல்நிலத்துக்கு. கீழே நீடரன் என்ற இடத்திலிருந்து ஒரு சின்னக் கம்பிவண்டி மேலே போகிறது. அதில் ஏறிப் போய், இறங்கும்போது பள்ளத்தாக்கிடுக்கு வழியாக நடந்து வந்தோம். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடை இரைகிறது, பாதை ஈரம், கைப்பிடிக்குக் கம்பி. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி போட்ட பாதை என்றால் கணுக்கால் மூடிய காலணி வேண்டும், சும்மா போட்டுக்கொள்ளும் ஷூ சரிப்படாது. மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரம் இந்த ஊர்க்காரர்கள் நடைக்கு. நம் நடைக்கு அதில் கால்வாசி கூட்டிக்கொள்ளலாம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் மேய்ச்சல்நிலத்திலிருந்து மேலே தொடர்ந்து, மார்ட்டின் துளைக்குப் பக்கத்தில் செக்னஸ் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் ஃபிலிம்ஸில் இறங்கிவிடலாம். கணவாய் 2,627 மீட்டர். எல்மிலிருந்து நடந்தே ஏறினால் 1,650 மீட்டர் ஏற்றம், விளையாட்டில்லை.

மேலே ஒரு மேய்ச்சல் விடுதியில் சிகர்ஹோர்ன்லி சாப்பிட்டோம். மக்ரோனியில் கிளாருஸின் பச்சைப் பாலாடைக்கட்டியைத் துருவிக் கலந்து, பக்கத்தில் ஆப்பிள் கூழ். 1463இலேயே இந்தப் பாலாடைக்கட்டியை எப்படிச் செய்ய வேண்டும், எப்படி முத்திரை குத்த வேண்டும் என்று அந்தத் திறந்தவெளிச் சபை சட்டம் போட்டிருக்கிறது. அதன் பச்சை நிறமும் வாசனையும் நம் வெந்தயத்துக்கு நெருங்கிய சொந்தமான நீலப்பூ வெந்தயத்தின் இலைப்பொடியால் வருவது. பரிமாறிய அம்மா, வெளியூர்க்காரர்களுக்கு இந்த வாசனை பிடிக்காது, வேண்டுமானால் குறைவாகப் போடுகிறேன் என்றார். "நீங்கள் தாராளமாகப் போடுங்கோ, நாங்கள் வெந்தயக்குழம்பில வளந்த ஆக்கள்" என்று அண்ணா எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் அவர் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மேல்பாதைகளில் ஜூன் கடைசி வரை பனி கிடக்கலாம், ஜூலையிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம். துளை வழியே வெயில் விழுவதற்காகவே நாள் பார்த்துப் போனால் மேகம் ஏமாற்றலாம், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சிலேட்டுத் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பஸ்ஸில் வருகிறவர்கள் ஊருக்கு முன்னாலேயே உன்டர்டால் பக்கம் இறங்கி, மேடு தட்டிய அந்தப் புல்வெளி வழியாக ஊருக்குள் நடந்து போங்கள். அதிகத் தூரமில்லை.